நூறு கோடியே ஒன்று

அக்கா,

இன்று காலை தேங்காயெண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தேன், ஒரு சொட்டுக்கூட விழவில்லை. இந்த வருஷம் மார்கழி கொஞ்சம் கூடுதலாகவே குளிர்கிறது. கழுத்துப் பக்கம் வெள்ளையாக அடைத்துக்கொண்டிருந்தது. அடியில் எண்ணெய் இன்னும் தெளிவாகத்தான் இருந்தது, நடுவில் மட்டும் மூன்று நான்கு வெள்ளைப் பொட்டுகள். பாட்டிலை வெயிலில் வைக்கத் தோன்றவில்லை. அந்தப் பொட்டுகள் பெரிதாகின்றனவா என்று கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றேன். சாமளாபுரத்திலிருந்து எட்டே காலுக்குக் கிளம்பும் பஸ் போய்விட்டது. காய்ந்த தலையோடு அடுத்த பஸ்ஸில்தான் ஏறினேன்.

எண்ணெய் உறைவதை நின்று பார்க்கிற பைத்தியம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. எனக்கு அது உங்களிடமிருந்து ஒட்டிக்கொண்டது. வருகிற தையோடு நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உங்களுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டியிருக்கிறது. அதை நேராகச் சொல்லத் தெரியாமல், பழசையெல்லாம் கிளறி, சுற்றிவளைத்துத்தான் வரப்போகிறேன். நீங்கள்தான் எப்போதும் சொல்வீர்களே, "அம்மிணி, நீ ஊத்துக்குளி போகோணும்னா பல்லடம் வழியாப் போற ஆளு" என்று.

நான் உங்கள் பனியன் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்த முதல் வாரம் நீங்கள் அந்த வீட்டு மருமகள் என்றே எனக்குத் தெரியாது. கட்டிங் டேபிளின் ஓரத்தில் நின்று, வெட்டிய துணியைப் புரட்டிப் புரட்டி ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். செக்கிங் வேலைக்கு வந்தவர் போலிருக்கிறது என்று நினைத்து, "ஏனுங்கக்கா, உங்களுக்குச் சம்பளம் வாரமுங்களா, மாசமுங்களா?" என்று கேட்டுவிட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. "எனக்கு இன்னும் யாரும் சொல்லலை அம்மிணி, தெரிஞ்சா எனக்கும் சொல்லு" என்றீர்கள். மத்தியானம் முதலாளி உங்களைக் கூப்பிட்டது பெண்டாட்டியைக் கூப்பிடுகிற தோரணை, அதில்தான் விஷயம் புரிந்தது. எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

கோயமுத்தூரில் எம்.எஸ்ஸி. பௌதிகம் படித்து முடித்த பெண் எதற்காகத் துணியில் ஓட்டை பார்க்கிறாள் என்று அங்கே யாரும் கேட்டதில்லை. கேட்கவும் ஒன்றுமில்லை, கல்யாணமாகி வந்த வீட்டில் என்ன தொழிலோ அதைச் செய்தீர்கள், நன்றாகவே செய்தீர்கள். ஆனால் கரண்ட் கட்டாகி நிட்டிங் மெஷின்கள் நின்றவுடனே உங்கள் முகம் வேறாகிவிடும். அந்தக் காலத்துக் கரண்ட் கட்டை நாடே திட்டியது. நீங்கள் ஒருவர்தான் அதற்காகக் காத்திருந்தவர். மெஷின் சத்தம் ஓய்ந்ததும் ஆபீஸ் அறைக்கு வந்து, எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, உலகம் உண்டான கதையைப் பேச ஆரம்பித்துவிடுவீர்கள். உங்கள் மகள் மடியிலோ, வெட்டுத்துணிக் குவியலிலோ தூங்கிக்கொண்டிருப்பாள்.

என்னை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்பது இன்றைக்கும் புரியவில்லை. எஸ்.எஸ்.எல்.சி.யில் விஞ்ஞானத்தில் முப்பத்தேழு வாங்கியவள் நான். ஒருவேளை, புரியாததை முகத்தில் மறைக்கத் தெரியாதவள் என்பதாலோ என்னவோ.

ஒரு நாள் கூடையிலிருந்து தைத்து முடித்த பனியன் ஒன்றை எடுத்து, உள்பக்கத்தை வெளியே திருப்பிக் காட்டினீர்கள்.

"இது பனியன்தானே?"

"ஆமாங்க."

"அதே நூலு, அதே தையல், அதே அளவு. திருப்பி மட்டும் கெடக்குது. பொருள்னு ஒண்ணு இருந்தா அதுக்கு இப்படித் திருப்பிப் போட்ட மாதிரி எதிர்ப்பொருள்னு ஒண்ணு இருக்குது. எடை அதே எடை. மின்சாரம் மட்டும் எதிரு. ரெண்டும் ஒண்ணையொண்ணு தொட்டா ரெண்டுமே இருக்காது. வெளிச்சமாப் போயிரும்."

"அப்ப கல்கத்தா யாவாரிக்கு என்னங்க்கா அனுப்பறது?" என்றேன். அன்றைக்கு நீங்கள் சிரித்த சிரிப்பில் குழந்தை எழுந்துவிட்டது.

பிறகு நிதானமாகச் சொன்னீர்கள். ஆரம்பத்தில் எல்லாமே தாங்க முடியாத சூடாக இருந்தபோது பொருளும் எதிர்ப்பொருளும் ஜோடி ஜோடியாகப் பிறந்துகொண்டே இருந்தனவாம், ஜோடி ஜோடியாக அழிந்துகொண்டும் இருந்தனவாம். "நியாயப்படி ரெண்டும் சமமாத்தான் இருக்கோணும் அம்மிணி" என்றீர்கள். சூடு ஆறியபோது ஒன்றை ஒன்று தின்று தீர்த்திருக்க வேண்டும், வெளிச்சத்தைத் தவிர எதுவும் மிஞ்சியிருக்கக் கூடாது. நான் சுற்றிலும் பார்த்தேன். மேஜை இருந்தது, டைப்ரைட்டர் இருந்தது, வெளியே மாடு ஒன்று அட்டைப்பெட்டியைத் தின்றுகொண்டிருந்தது.

"அப்ப நாமெல்லாம் எப்படிங்க்கா இருக்கறோம்?"

"அதுதான் தெரியலை" என்றீர்கள். கரண்ட் வந்துவிட்டது. நீங்கள் எழுந்து போய்விட்டீர்கள்.

எனக்கு அதில் பாதிதான் மனதில் தங்கியது. சமமாக இருக்க வேண்டும் என்கிற பாதி. அது மட்டும் தங்கியதற்குக் காரணமும் உண்டு; அதைப் பிறகு சொல்கிறேன்.

இன்னொரு மார்கழியில் தேங்காயெண்ணெய் பாட்டிலோடு ஆபீசுக்குள் வந்தீர்கள். தலை வாரக்கூட இல்லை, பாதிப் பின்னல் அவிழ்ந்து தொங்கியது. பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "பாரு, எண்ணெய் ஒரே சமயத்துல உறையறதில்லை" என்றீர்கள். அங்கங்கே ஒரு பொட்டு விழுகிறது, அது பெரிதாகிறது, இன்னொரு பொட்டோடு முட்டுகிறது, கடைசியில் எல்லாம் கட்டியாகிறது. உலகமும் ஆறும்போது இப்படி ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறியிருக்கலாம் என்று இப்போது சிலர் எழுதுகிறார்களாம். அதற்கு முன்னாலேயே ரஷ்யாக்காரர் ஒருவர், பொருள் மிஞ்ச வேண்டுமானால் என்னென்ன நடந்திருக்க வேண்டும் என்று சில பக்கங்கள் எழுதி வைத்திருக்கிறாராம், யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லையாம். அவர் சொன்னவற்றில் ஒன்று, எல்லாம் நிதானமாகச் சமநிலையில் இருக்கும்வரை எதுவும் மிஞ்சாது, எங்காவது சமநிலை குலைய வேண்டும் என்பது.

"அது எங்க குலைஞ்சிருக்கும்னு நான் நெனைக்கறேன் தெரியுமா?" என்று பொட்டின் ஓரத்தை விரலால் தொட்டுக் காட்டினீர்கள். "இங்க. உறைஞ்சதும் உறையாததும் முட்டிக்கற இந்த ஓரத்துல. இந்த ஓரம் ஓடிக்கிட்டே இருக்குது பாரு. அது ஓடற வேகத்துல ஒரு பக்கம் கொஞ்சம் தப்பிச்சிருக்கோணும்."

"யாருங்க்கா இதை எழுதியிருக்கறாங்க?"

"யாரும் எழுதலை. எனக்குத் தோணுது."

நான் தலையாட்டினேன். புரியவில்லை என்பது உங்களுக்கும் தெரியும். ஆனாலும் அன்று உங்கள் குரலில் ஒரு நடுக்கம் இருந்தது. பிரசவ வலி எடுத்த முதல் நாழிகையில் என் தங்கை பேசியது அப்படித்தான் இருந்தது. ஏதோ பெரிதாக நடக்கிறது என்பது மட்டும் எனக்கு எட்டியது.

அடுத்த சில மாதங்களில் அந்த விளம்பரம் வந்தது. எமர்ஜென்சிக்கு இரண்டு வருஷம் முந்தி. வடக்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரே ஓர் இடம். முப்பது வயது தாண்டியவர்கள் விண்ணப்பிக்கக் கூடாது. உங்களுக்கு அந்த ஆவணியில் முப்பது. விட்டால் அத்தோடு சரி. என்ன ஆராயப்போகிறோம் என்று இரண்டு பக்கத்துக்கு மிகாமல் இங்கிலீஷில் டைப் அடித்து அனுப்ப வேண்டும்.

உங்கள் வீட்டில் ஒரு பூகம்பம் வரும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். வரவில்லை. முதலாளி கணக்குப்பிள்ளை முன்னாலேயே சொன்னார், "போறதுன்னா போ. புள்ளையை அம்மா பாத்துக்குவாங்க. நீ இங்க துணியில ஓட்டை பாக்கறதை நானும் எத்தனை வருசந்தான் பாக்கறது." கம்பெனியை ஆரம்பித்த உங்கள் மாமனாருக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் அவரும் வாய் திறக்கவில்லை. ஆகவே தடுக்க ஆளில்லை. அது எனக்கு அப்போது எத்தனை நிம்மதியாக இருந்ததோ, இப்போது அத்தனை குழப்பமாக இருக்கிறது.

சரி, என் கை செய்ததற்கு வருகிறேன்.

நம் கம்பெனியில் டஜன்தான் எல்லாம். கட்டிங் மாஸ்டர் சேதாரத்துக்கென்று நாலைந்து பீஸ் கூடுதலாக வெட்டுவார். சேதாரம் குறைந்தால் பேக்கிங்கில் டஜன் போக ஒன்றிரண்டு உதிரி மிஞ்சும். அந்த உதிரியைப் பேக்கிங் லிஸ்டில் ஏற்றவே கூடாது என்பது உங்கள் மாமனார் சட்டம். நான் சேர்ந்த புதிதில் நூறு டஜனும் ஒரு பீஸும் என்று நேர்மையாக அடித்து அனுப்பிவிட்டேன். அந்த ஒன்று எந்தப் பெட்டியில், எந்த சைஸ், ஏன் வந்தது என்று கல்கத்தாவிலிருந்து கடுதாசி மேல் கடுதாசி. பெரியவர் என்னைக் கூப்பிட்டு, "இந்தா அம்மிணி, ரெண்டு பக்கமும் டேலி ஆகோணும். உதிரி சாக்குல இருக்கட்டும். காகிதத்துக்கு வரக் கூடாது" என்றார். உதிரியெல்லாம் சாக்கில் சேரும். தீபாவளிக்கு வேலையாட்களுக்குப் போகும். அதற்குப் பிறகு என் விரல்களுக்கே அந்தச் சட்டம் பழகிவிட்டது. எழுதிக்கொடுத்தவர் மறந்து உதிரியைச் சேர்த்திருந்தாலும் நானே கழித்துவிட்டு அடிப்பேன். அதற்காகப் பாராட்டும் வாங்கியிருக்கிறேன்.

உங்கள் கையெழுத்துப் பிரதியை ஒரு செவ்வாய்க்கிழமை கொடுத்தீர்கள். முதல் பக்கத்தின் நடுவில் அந்த வரி. எதிர்ப்பொருள் துகள்கள் நூறு கோடி என்றால் பொருள் துகள்கள் ஏறத்தாழ நூறு கோடியே ஒன்று என்று இங்கிலீஷில் எழுதியிருந்தீர்கள். நான் கையை எடுத்துவிட்டு அந்த வரியைப் பார்த்தேன். அக்கா, இத்தனை வருஷமாக இதை டைப்பிங் பிழை என்றுதான் எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். பிழை இல்லை. நான் நிறுத்தி, படித்து, யோசித்துத்தான் செய்தேன். நியாயப்படி இரண்டும் சமம் என்று நீங்களே சொல்லியிருந்தீர்கள். பெரிய படிப்பு படித்தவர்களுக்குப் போகிற காகிதம். டேலி ஆகாமல் போனால் உங்களைத்தான் குறைவாக நினைப்பார்கள். குழந்தை அழுதபோது எழுதியிருப்பீர்கள், ஒன்று கூடிப்போயிருக்கும். அந்த ஒன்றைக் கழித்துவிட்டு, நூறு கோடி, நூறு கோடி என்று அழகாக அடித்தேன். உங்களிடம் சொல்லவில்லை. செய்த உதவியைச் சொல்லிக்காட்டுவது அநாகரிகம் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வரியே ‘இந்த மிகுதி’ என்று தொடங்கியது. எந்த மிகுதி என்று நான் நின்று யோசிக்கவில்லை.

நம் மெஷினில் கிரேக்க எழுத்துகள் கிடையாது. அந்த இடங்களையெல்லாம் வெற்றாக விட்டிருந்தேன். மறுநாள் மத்தியானம் நீங்கள் எனக்கு எதிரே உட்கார்ந்து, மைப்பேனாவால் ஒவ்வோர் இடமாக நிரப்பினீர்கள். வெட்டுத்துணிக் குவியலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தபால் கட்டும் நேரம் நெருங்கியது, நீங்கள் அவசரப்படவே இல்லை. கையெழுத்துப் போட்டு, மை காயும்வரை ஊதி, மடித்துக் கொடுத்தீர்கள். நான் நாலு மணிக்கு முன் தபாலாபீஸ் ஓடினேன். அந்தச் சஷ்டிக்குச் சிவன்மலைக்குப் போய், ஒரு பிழையும் இல்லாமல் போய்ச் சேர வேண்டும் முருகா என்று வேண்டிக்கொண்டேன். பிழையைப் பண்ணி அனுப்பிவிட்டு வேண்டிக்கொண்டால் அவர்தான் என்ன செய்வார்.

ஆடியில் பதில் வந்தது. கம்பெனித் தபாலைப் பிரிப்பது என் வேலை. இடம் இல்லை என்று ஒரு வரி. கூடவே உங்கள் குறிப்பையும் திருப்பி அனுப்பியிருந்தார்கள். முதல் பக்கத்தில் இரண்டு நூறு கோடிகளைச் சுற்றியும் பென்சிலால் வட்டம். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. வேறு எந்த இடத்திலும் ஒரு கோடுகூட இல்லை.

அந்தக் கேள்விக்குறியைப் பார்த்த பிறகுதான், நானே அடித்த அடுத்த வரியை நிதானமாகப் படித்தேன். இந்த மிகுதிதான் நாம், மலை, கடல், நட்சத்திரம் எல்லாம், என்று நீங்கள் எழுதியிருந்ததை. காகிதங்களை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்தேன்.

நீங்கள் அதை நின்றபடியே வாங்கிப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு, நான் எதிர்பார்க்காத விதமாகச் சிரித்தீர்கள். "ஒண்ணு உட்டுப்போச்சா. சாக்குல கெடக்கும் பாரு, தீபாவளிக்கு யாராச்சும் போட்டுக்குவாங்க." என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்து, "தப்புத்தானே, ஆவறதுதான். உடு அம்மிணி" என்றீர்கள். அதை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுக் கட்டிங் டேபிளுக்குப் போய்விட்டீர்கள். தப்பு இல்லைங்க்கா, வேண்டுமென்று செய்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் அடுத்த தபாலைப் பிரித்தேன். ஆவணி வந்தது, உங்களுக்கு முப்பது ஆனது. அதற்குப் பிறகு கரண்ட் போனால் நீங்கள் ஆபீசுக்கு வருவது குறைந்தது. வந்தாலும் குழந்தையின் பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான் பேச்சு.

எனக்கு ஒவ்வொரு நாளும் உங்களைப் பார்க்கும்போது கூசும். இதைச் சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, வேலையை விட்டுவிடலாம் என்று மூன்று முறை கடிதம் அடித்துக் கிழித்திருக்கிறேன்.

போன தை. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் மஞ்சள் காமாலை முற்றி நீங்கள் படுத்திருந்தபோது ஒரு பிற்பகல் நான் தனியாக வந்தேன். முதலாளி கஞ்சி வாங்கக் கீழே போயிருந்தார். இனி சொல்லாமல் இருக்க முடியாது என்று தோன்றியது. அது தப்பில்லை, நானேதான் யோசித்துக் கழித்தேன் என்று எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

நீங்கள் கண்ணை மூடியே கேட்டுக்கொண்டிருந்தீர்கள். பிறகு சொன்னீர்கள், "தெரியும்."

"என்னங்க்கா தெரியும்?"

"பேனாவும் கையுமா உக்காந்திருந்தேனில்ல. எழுத்து போட்டுக்கிட்டே வந்தப்பப் பாத்தேன். ஒண்ணு இல்லை. அங்கயே ஒண்ணைச் சேத்திருக்கலாம். எத்தனை நேரமாகும்? பேனாவை அது மேலயே வெச்சுக்கிட்டு இருந்தேன்."

"அப்புறம் ஏனுங்க்கா போடலை?"

"அதுதான் தெரியலை" என்றீர்கள்.

அன்றைக்கு ஆபீசில் சொன்ன அதே இரண்டு சொல் பதில். அதற்குமேல் கேட்பதற்குள் முதலாளி கஞ்சியோடு வந்துவிட்டார். சூடு ஆறட்டும் என்று ஆற்ற ஆரம்பித்தார். நீங்கள் என்னைப் பார்த்து, "பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்பு அம்மிணி" என்றீர்கள். பதினோராம் நாள் நீங்கள் இல்லை.

இந்த ஒரு வருஷமும் நான் இதையேதான் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் பார்த்தது நிஜமானால், ஏன் விட்டீர்கள்? தடுப்பதற்கு ஒருவரும் இல்லாமல் போனதே உங்களைத் தடுத்ததா? குவியலில் தூங்கிய குழந்தையா? இல்லை, உங்களுக்குத் தோன்றியது உங்களுக்கே பயமாகிவிட்டதா? ஒருவேளை நீங்கள் பார்க்கவே இல்லையோ என்றும் தோன்றுகிறது. அழுகிறாளே, இவள் மனது ஆறட்டும் என்று சாகக் கிடக்கும்போதும் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் போகக்கூடியவர் நீங்கள். கோபமாகக்கூட இருக்கிறது. என் குற்றத்தை என்னிடமிருந்து பாதி பிடுங்கிக்கொண்டு போய்விட்டீர்கள். முழுதாக இருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன்.

ஆடியில் முதலாளி பீரோவைத் திறந்து உங்கள் காகிதங்களை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தார். "அவ கையெழுத்து உனக்குத்தான் புரியும். என்ன பண்றதுன்னு பாரு" என்றார். கையெழுத்துப் பிரதி அதில் இருந்தது. நான் அதை மறுபடி அடித்தேன். இந்த முறை அந்த ஒன்றோடு. கிரேக்க எழுத்துகளை உங்கள் பிரதியைப் பார்த்து, நானே மையால் வரைந்தேன். உங்கள் பெயரைப் போட்டு, கம்பெனி விலாசத்தை எழுதி, அதே ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பினேன். நீங்கள் இல்லை என்பதை எழுதவில்லை. அது தப்புத்தான். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அன்றைக்கு அந்த ஒன்று இருந்திருந்தால் உங்களைக் கூப்பிட்டிருப்பார்களா, மாட்டார்களா. கூப்பிட மாட்டார்கள் என்று தெரிந்தால் நானும் மனிதர்களைப் போலத் தூங்கலாம் என்று நினைத்தேன்.

போன வாரம் பதில் வந்தது அக்கா.

ஒரு பேராசிரியர் கைப்பட எழுதியிருக்கிறார். உறைகிற விளிம்பைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது தன்னை மிகவும் யோசிக்க வைத்திருக்கிறதாம். இப்போதுதான் இந்தக் கேள்வியைப் பலரும் எடுத்துப் பேச ஆரம்பித்திருக்கிறார்களாம். தை பிறந்து மூன்றாம் வாரம் ஒரு புதன்கிழமை, காலை பத்து மணிக்கு, நீங்கள் வந்து தன்னோடு பேச முடியுமா என்று கேட்டிருக்கிறார். வயதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அதைக் கொண்டுபோய் முதலாளியிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். நான் செய்த எல்லாவற்றையும், கழித்தது முதல் அனுப்பியது வரை, நின்றபடியே சொன்னேன். ஆஸ்பத்திரியில் நீங்கள் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. திட்டுவார் என்று பார்த்தேன். அவர் கடிதத்தை மடித்து என்னிடமே கொடுத்து, "கூப்பிட்டிருக்கறாங்கல்ல" என்றார். கண்ணாடியைக் கழற்றியபடி, "யாராச்சும் போகோணும்ல" என்றார். நிட்டிங் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன, வேறு எதுவும் காதில் விழவில்லை. டிக்கெட்டுக்கு அவரே ஆள் அனுப்பினார்.

இதனால் குழப்பம் தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை. இப்போது கூப்பிடுகிறார்கள் என்பதால் அன்றைக்கும் கூப்பிட்டிருப்பார்கள் என்று ஆகுமா? அன்றைக்கு இந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லையே. அப்படி நினைத்துச் சமாதானமானால், அடுத்த நிமிஷமே பென்சில் வட்டம் கண்ணில் வந்து நிற்கிறது. அந்த இடத்தைத் தவிர வேறெங்கும் அவர்கள் ஒரு கோடு போடவில்லை.

உலகத்தை எண்ணிப் பார்த்தவர்களுக்கே ஒன்று ஏன் கூடியது என்று தெரியவில்லை. இரண்டு பக்கக் காகிதத்தில் ஒன்று ஏன் குறைந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

போகும்போது உங்கள் பிரதியையும் மடித்த கடிதத்தையும் எடுத்துக்கொள்கிறேன். இங்கிலீஷில் உங்கள் குறிப்பு முழுக்க எனக்கு மனப்பாடம்; ஒரு வரிக்கு அர்த்தம் கேட்டாலும் முழிப்பேன். நீங்கள் இல்லை என்று முதலில் சொல்லிவிட வேண்டும். அதை எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகு வரும் கேள்விக்குத்தான் வழி தெரியவில்லை. அந்தப் பேராசிரியர் தன் கடிதத்தின் கடைசி வரியில் அதையும் கேட்டிருக்கிறார். சில வருஷங்களுக்கு முன் இதே பெயரில், இதே குறிப்பைத் தான் படித்ததாக ஞாபகமாம். அதில் இரண்டு எண்களும் சமமாக இருந்தனவாம், தான்தான் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பியதாம். அப்போது அந்த ஒன்றை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்கிறார்.

அக்கா, நான் விட்டேன் என்று சொல்லவா, நீங்கள் விட்டீர்கள் என்று சொல்லவா?